வலது கை

2005 ஜனவரியில், சுனாமி வந்துபோன கையோடு, சாந்தோம் கோயில் வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். லஸ்ஸில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. கோடு கிழித்துக் கட்டம் போட்டு எழுத என்னை விட்டால் ஆளில்லை என்று ஃபாதர் சொல்லியனுப்பியிருந்தார். சீனிவாசபுரத்துக்கு ஒரு நோட்டு, பட்டினப்பாக்கத்துக்கு ஒன்று, நொச்சிக்குப்பத்துக்கு ஒன்று. குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் அட்டை எண், இறந்தவர், காணாமற்போனவர், காயம், வீடு, படகு, இன்ஜின், வலை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து விவரம் சொல்லிவிட்டுப் பாயும் போர்வையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அழுதவர்கள் குறைவு. அட்டையே கடலோடு போய்விட்டதே, எண்ணுக்கு எங்கே போவது என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கவலையாக இருந்தது.

பட்டினப்பாக்கத்துப் பாட்டி ஒருத்தி கைநாட்டு வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"நீ எங்கம்மா இருந்த அன்னிக்கு?"

"உங்க கரையிலதான் ஆயா. மீன் வாங்க வந்தேன்."

"உனக்கு இன்னா போச்சு?"

"ஒண்ணும் போகல."

"மாதா காப்பாத்திச்சு" என்று சொல்லி, போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. சென்னையில் மட்டும் 206 பேர் செத்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் 6,065 பேர். என் வீட்டில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. முழங்காலில் சிராய்ப்பு, அதுவும் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஒன்றும் போகாதவர்களுக்கு நோட்டில் கட்டம் கிடையாது, இருக்கவும் கூடாது. பாயும் அரிசியும் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. ஆனால் நிவாரணத்துக்காகப் போட்ட அந்தக் கட்டங்களை வைத்தே என்னையும் நான் அளந்துகொண்டேன். இறந்தவர்: இல்லை. வீடு: இருக்கிறது. ஆகவே நீ நன்றாக இருக்கிறாய். பொங்கலுக்குள் தூக்கம் போய்விட்டது.

நடுவில் அந்த டிசம்பர் 30 வேறு. மறுபடியும் அலை வரப்போகிறது என்று டெல்லியில் உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவில் ஏதோ ஒரு தனியார் கம்பெனி சொன்னதை நம்பிச் செய்த காரியம் என்று பிறகு தெரிந்தது. கச்சேரி ரோடு முழுக்க ஜனம் மேற்கே ஓடியது. இடுப்பில் குழந்தை, தலையில் டிவி. நானும் ஓடினேன். லஸ் முனையில் மூச்சு வாங்க நின்றபோது, சுற்றியிருந்தவர்கள் ஏமாந்துபோன எரிச்சலில் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் மேற்கே, ஆழ்வார்பேட்டைக்கே போய்விடலாமா என்றிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி வந்து சம்புக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டால் மாடிக்கு ஏறிவிடுவேன். பட்டணத்தில் தண்ணீர்ப் பஞ்ச காலம்; லாரிச் சத்தம் கேட்டால் ஜனம் குடத்தோடு கீழே ஓடும், நான் மேலே ஓடினேன். ராத்திரி எழுந்து பின்கதவைத் தொட்டுப் பார்ப்பேன். படுப்பேன். மறுபடி எழுந்து தொடுவேன். ஆபீஸில் கூட்டல் தப்பியது. மீன் வாசனை வந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சண்டைக்குப் போனேன். சாந்தோமில் அது செல்லுபடியாகாத சண்டை.

வைத்தியத்துக்கு மயிலாப்பூரில் பஞ்சமில்லை. அத்தை, அதாவது என் மாமியார், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். (வேளாங்கண்ணியிலேயே அலை எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று அவருக்கு நினைவூட்ட யாருக்கும் மனம் வரவில்லை.) மாடிவீட்டு மாமி கபாலி கோயில் விபூதியை மடித்துக் கொடுத்தார். "பயந்த கோளாறுதான், ஓதினா சரியாயிடும்" என்று ஆபீஸ் பியூன், கச்சேரி ரோடு மசூதியில் ஓதி ஊதிய தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மூன்று மதத்து அன்பும் கிடைத்த இந்தப் பேட்டையை நான் குறை சொல்லமாட்டேன். குறை என்னவென்றால், கொடுத்த ஒவ்வொருவரும் மறுநாளே "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அங்கே சொன்னேன். பின்னால் வருகிறேன் அதற்கு. ஃபாதர் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "இதுல பாவம் இல்லையேம்மா. இல்லாத பாவத்துக்கு நான் எப்படி மன்னிப்புக் கொடுக்கறது?" என்றார். எழுந்து வந்தபோது போனபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. மன்னிப்பு என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கையும் போய்விட்டதே.

ஈஸ்டருக்கு மறுநாள், மார்ச் 28, ராத்திரி சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய பூகம்பம். டிவியில் எச்சரிக்கை ஓட, நள்ளிரவில் கடற்கரைத் தெருக்களெல்லாம் வெளியே வந்துவிட்டன. அலை வரவில்லை. என்னை மாடிப்படியிலிருந்து இறக்கத்தான் விடியும்வரை ஆயிற்று. காலையில் ஃபாதரே வீட்டுக்கு வந்தார். ஒரு சீட்டில் பெயரும் மந்தைவெளி விலாசமும் எழுதி என் கணவர் கையில் கொடுத்தார். "இவங்க இதையே படிச்சவங்க. என்கிட்ட வர்றதை நிறுத்த வேணாம். அங்கயும் போகட்டும்."

அத்தைக்குக் கோபம். "கீழ்ப்பாக்கம் அனுப்பற அளவுக்கு இந்த வீட்ல என்ன ஆயிப்போச்சு?"

இந்த ஊர்க்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. 1794-ல் கும்பினிக் காலத்தில் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மனநல ஆஸ்பத்திரி. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஜனங்கள் வசவாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் பெயர். அதே இடத்துக்கு 1961-ல் முதல் பெண் கண்காணிப்பாளராக வந்த டாக்டர் சாரதா மேனன்தான் பின்னாளில், 1984-ல், ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார். மனநலத்துக்காக இவ்வளவு செய்த நகரம் இந்தியாவில் அதிகமில்லை. செய்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ளும் அமைப்புகளுக்குள்ளும் இருந்தது. சமையலறையில் கீழ்ப்பாக்கம் கீழ்ப்பாக்கமாகவே இருந்தது.

எனக்கே அரைமனதுதான். காரணம், அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த 'கவுன்சிலர்கள்'. முகாம்களுக்கு எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ்காரர்கள் வந்து ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருநாள் வந்து போனவர்களும் உண்டு. கிரேயான் பெட்டியைக் கொடுத்து, "அலையை வரை கண்ணா" என்பார்கள். காலையில் ஒரு குழு, சாயங்காலம் இன்னொரு குழு. ஒரு பையன் கடைசியில் கேட்டேவிட்டான்: "ஆன்ட்டி, அது காலீலயே வரைஞ்சிட்டேன். அதக் குடுக்கவா?" நடந்ததை உடனே, எல்லாரையும், ஒரே உட்காரலில் கொட்டவைப்பது நல்லதல்ல என்று மனநல வல்லுநர்களே சொல்கிறார்கள். அந்தப் பையனுக்கு அது முன்னாடியே தெரிந்திருந்தது.

வேறு மாதிரியும் ஒன்று நடந்தது. எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அக்கா சீனிவாசபுரம். வீடு போயிற்று, தங்கச்சி மகள் போனாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்நேகா என்று ஓர் அமைப்பு. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் 044-24640050 என்ற எண்ணில் கூப்பிட்டால் எடுத்துக் கேட்பார்கள். அலைக்குப் பிறகு அவர்களின் தொண்டர்கள் சீனிவாசபுரத்தில் உற்றாரை இழந்தவர்களைத் தேடிப் போனார்கள். அக்கா சொன்னது இது:

"அந்தம்மா வரும், உக்காரும். புத்தி கித்தி சொல்லாது. நான் பேசுனா கேக்கும். நான் பேசலன்னா அதுவும் சும்மா குந்திகினு இருக்கும். போம்போது எப்ப வருவேன்னு சொல்லும். சொன்னா கரீட்டா வந்துரும். அதான் பாப்பா. வரேன்னுட்டுப் போனவங்க எத்தினி பேரு, திரும்பி வந்தவங்க யாரு சொல்லு?"

2008-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் இன்னொருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டு மனநல இதழ் ஒன்றில் வந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்களின் துணை கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது என்பது அதன் சாரம். அக்கா சொன்னதுதான், அளவுகோல் வைத்து.

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதாது, வேறு வகைச் சிக்கல் என்பது மந்தைவெளி மாடியறையில்தான் புரிந்தது. கீழே மாவு மில். மிளகாய் அரைக்கும் நாளில் படியேறும்போதே கண் எரியும். அழுதுவிட்டு இறங்குகிறவர்களுக்கு அது வசதி. அறையில் இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. நடந்ததைக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எத்தனை மணிக்கு விழிப்பு, என்ன சாப்பிடுகிறேன், செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா. கடைசிக் கேள்வியை, காப்பியா டீயா என்று கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டார். அப்படிக் கேட்டதால்தான் உண்மையைச் சொல்ல முடிந்தது. தோன்றியதில்லை, தூங்காமல் இருப்பதைவிட அது மேல் என்று இரண்டொரு முறை நினைத்ததுண்டு.

"நீங்க இங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகாது. உங்க வீட்டுக்காரர் கேட்டாலும் ஃபாதர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் சொல்லுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இப்படி எல்லையைக் கோடு போட்டுச் சொல்லி ஒருவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. மயிலாப்பூரில் ரகசியம் என்பது 'உன்கிட்ட மட்டும் சொல்றேன்' என்று தொடங்கும். கூடவே இன்னொன்றும் சொன்னார்: மாத்திரை எழுதிக்கொடுக்கும் தகுதி தனக்கில்லை, தூக்கத்துக்குச் சில வாரம் மருந்து தேவைப்படலாம், அதற்கு ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்த்தேன், சில வாரம் சாப்பிட்டேன், அவரே குறைத்து நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணும் போகலை மேடம். செத்தவங்க வீட்லயே எழுந்து வேலைக்குப் போறாங்க. நான் உங்க நேரத்தை வீணாக்கறேன்" என்றேன்.

"அவங்களுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடறது என் வேலை இல்லை. நீங்க எத்தனை மணி நேரம் தூங்கறீங்கன்றதுதான் என் வேலை."

அந்த ஒரு வாக்கியத்துக்கே அன்றைய 300 ரூபாய் சரியாகப் போயிற்று.

சில வாரம் கழித்து நடந்ததைச் சொல்லச் சொன்னார். வேகமாகச் சொன்னேன், பலமுறை சொல்லித் தேய்ந்த கதை. "இது நீங்க மத்தவங்களுக்குச் சொல்றது. கண்ணை மூடிக்கங்க. நடந்துச்சுன்னு சொல்லாதீங்க, நடக்குதுன்னு சொல்லுங்க." டேப் ரிக்கார்டரில் அறுபது நிமிட கேசட் சுற்றத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருநாள். கிறிஸ்துமஸுக்குத் திருச்சியிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருக்கிறது. காலை ஆறரைக்குப் பாத்திர அடுக்கு கடகடவென்று ஆடுகிறது. லாரி போகுது என்கிறார் வீட்டுக்காரர். குழந்தைகளுக்கு நண்டு வேண்டுமாம். ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் போகிறேன். அக்கா சங்கரா ஒரு கிலோ போடுகிறாள். அரைக்கிலோ நண்டு, உயிரோடு, தாளில் சுற்றி. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால். சில்லறைக்குத் தேடுகிறாள். அக்காவின் தோளுக்குப் பின்னால் கடல் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு மதில் நிற்கிறது. அது சத்தமில்லாமல் கிட்டே வருகிறது. யாரோ கத்துகிறார்கள். "ஓடு பாப்பா!" ஓடுகிறேன். தண்ணீர் முதலில் கணுக்காலில், அடுத்த அடியில் இடுப்பில். அது தண்ணீர் இல்லை, சேறும் பலகையும் வலையும். ஹவுசிங் போர்டு வீட்டு ஜன்னல் கம்பி இடது கையில் சிக்குகிறது. பிடித்துக்கொள்கிறேன். நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் என்னைத் தாண்டிப் போகிறாள். வாய் திறந்திருக்கிறது. தண்ணீர் வடிகிறது. யாரோ என்னைப் படிக்கட்டுக்கு இழுக்கிறார்கள். மொட்டைமாடி.

கண்ணைத் திறந்தேன். புடவை முதுகில் ஒட்டியிருந்தது. ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். நோட்டில் எதையோ குறித்திருந்தார்.

"கம்பியை இடது கையால பிடிச்சீங்க. வலது கை என்ன பண்ணிட்டிருந்தது?"

மாவு மில் நின்றிருந்த நேரம். பாவசங்கீர்த்தனத்தில் தவிர எங்கும் சொல்லாததை அப்போது சொன்னேன். வலது கையில் கூடை இருந்தது. தண்ணீர் என்னை அடித்தபோதும், கம்பியில் தொங்கியபோதும், படியேறியபோதும் கூடையை நான் விடவில்லை. மொட்டைமாடியில் நாலுபக்கமும் பெற்றவர்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டிருக்க, என் கூடைக்குள் நண்டுகள் கரகரவென்று தாளைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் போனபோது நீட்டியிருக்க வேண்டிய கையில் நான் அரைக்கிலோ நண்டு வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கூடையை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அத்தை நண்டைத் தூக்கி எறிந்தாராம்.

"உங்க மேல தப்பில்ல" என்று அந்த அம்மா சொல்லவில்லை. அதை எல்லாரும் சொல்லியாயிற்று. கேசட்டைக் கையில் கொடுத்து, தினம் ஒருமுறை கேட்டுவிட்டு, முன்னால் பயம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று நூற்றுக்கு மார்க் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். கணவரின் வாக்மேனில், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முதல் வாரம் 90-க்குக் கீழே இறங்கவில்லை. வெறுத்துப்போய் நிறுத்திவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு மெல்ல 70, 60. பயம் குறைந்ததால் அல்ல, அலுத்துப்போனதால் என்று ஒருநாள் குறைபட்டேன். "அலுத்துப்போகட்டும். அதுக்குத்தான்" என்றார்.

ஒருநாள் அறையில் நிற்கச் சொல்லி, அவருடைய கைப்பையை என் வலது கையில் கொடுத்தார். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது? முகம் எந்தப் பக்கம்? அந்தப் பெண் எந்தப் பக்கமாகப் போனாள்? காட்டினேன். காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் என் இடதுபுறமாகப் போனாள். அவளை எட்ட வேண்டுமானால் நான் விட வேண்டியிருந்தது கூடையை அல்ல, கம்பியை. மாதக்கணக்கில் தப்பான கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறேன்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வலது கைமேலான வழக்கு தள்ளுபடியானதும் மனம் இடது கைமேல் ஒன்று போட்டது: ஏன் கம்பியை விடவில்லை? ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது, சத்தமாகவே சொல்ல முடிந்தது. சாக விருப்பமில்லை, அதனால். அதைச் சொன்ன அன்று மிளகாய் அரைக்காமலே அழுதேன். ஃபாதரால் தர முடியாமல்போனது எது என்றும் அப்போதுதான் விளங்கிற்று. அவரிடம் நான் கேட்டது மன்னிப்பு. எனக்குத் தேவைப்பட்டது, நடந்ததை நடந்த வரிசையில் ஒருவர் முன்னால் வைத்துச் சரிபார்ப்பது. ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அடுத்தவர் கணக்குக்கு.

பிறகு படிப்படியான பட்டியல். சம்புக்குத் தண்ணீர் விடும்போது லாரிக்குப் பக்கத்தில் நிற்பது: 40. கலங்கரை விளக்கம்வரை பஸ்ஸில் போவது: 55. வீட்டில் நண்டு கழுவுவது: 70. பட்டினப்பாக்கம் மணலில் நிற்பது: 85. ஞாயிறு ஒன்பது மணிக்கு அதே இடம்: 95. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பது: 100. விதி ஒன்றுதான். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி வரக்கூடாது. பாதியாக இறங்கும்வரை நிற்க வேண்டும். லாரி டிரைவர் என்னைப் பார்த்து, "இன்னாமா, அளவு கொறையுதான்னு செக் பண்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கீழே டீக்கடையில் ஸ்கூட்டரோடு காத்திருக்கும் என் கணவரை ஒருமுறை மேலே கூப்பிட்டார்கள். அவர் தலையைக் குனிந்தபடி, நான் ராத்திரி கதவைத் தொட எழும் ஒவ்வொரு முறையும் தானும் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பதாகச் சொன்னார். எனக்குத் தெரியாது. அன்று அவர் கற்றுக்கொண்டு இறங்கியது ஒன்றே ஒன்று: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்வதை விட்டு, "எவ்வளவு, நூத்துக்கு?" என்று கேட்பது. பாதி ராத்திரியில் "அறுபது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பதில் ஒரு நிம்மதி உண்டு.

கவுன்சிலிங் என்று பலகை மாட்டியவர்களெல்லாம் இப்படி இருப்பார்களா என்றால், இல்லை. என் தோழி ஒருத்தி போன இடத்தில் முதல் நாளே, "வேலையை விட்டுட்டு வீட்டைப் பாருங்க" என்று தீர்ப்புச் சொல்லியனுப்பினார்கள். அதற்கு அத்தையே போதும், ஃபீஸும் கிடையாது. யாரிடம் போனாலும் என்ன படித்திருக்கிறீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். சிகிச்சை உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். பணம்தான் தடை என்றால் இப்போது 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் உதவி எண், தமிழிலும் பேசலாம். எங்கள் காலத்தில் அது கிடையாது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உடல்நோய்க்குத் தரும் இன்ஷூரன்ஸை மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் வாரம் ஒருமுறை படியேறிப்போய்ப் பேசிவிட்டு வருவதற்கு, பெரும்பாலான பாலிசிகளில் இன்றைக்கும் கைக்காசுதான்.

2005 கடைசியில் நான் மந்தைவெளிக்கு வாராவாரம் போவது நின்றது. அக்காவுக்குச் செம்மஞ்சேரியில் வீடு கொடுத்திருந்தார்கள். கடலை விட்டு அவ்வளவு தூரத்தில் மீன்காரிக்கு வீடு கொடுத்த மேதாவி யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவள் விடிகாலை பஸ் பிடித்து வந்து கூடை போடுவாள். ஞாயிறு ஒன்பது மணிக்கு அவளிடம் போய் நின்றது அந்தப் பட்டியலில் இருந்த 95. அன்று வாங்கியது நெத்திலி.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி தாண்டி, லஸ்ஸில் மூன்றாவது மாடியிலிருந்த எங்கள் ஆபீஸில் மின்விசிறி தானாக ஆடியது. சுமத்ரா பக்கம் 8.6. எல்லாரும் கீழே இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் சுனாமி எச்சரிக்கை என்று செல்போன்கள் அடிக்க ஆரம்பித்தன. கச்சேரி ரோட்டில் ஜனம் மேற்கே வரத் தொடங்கியது. என் கால்கள் ஆழ்வார்பேட்டையை நோக்கித் திரும்பின. மந்தைவெளியில் கற்றுக்கொண்டதைச் செய்தேன்: கண்ணில் படும் ஐந்து பொருளைப் பெயர் சொல்வது. நவசக்தி விநாயகர் கோயில். 12பி பஸ். இளநீர்க்காரரின் அரிவாள். சிவப்பு ஹெல்மெட். என் வலது கையில் ஒரு கம்பெனியின் வருமானவரிக் கோப்பு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஜூனியர் பெண் பயந்துபோய்ப் பார்த்தாள்.

அடுத்த வாரம் போன் செய்து நேரம் கேட்டேன். அந்த அம்மா அடையாறுக்கு மாறியிருந்தார். கோப்பைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னேன், அவரும் சிரித்தார். என் பழைய ஃபைலை எடுத்தார். பட்டியல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக், கடைசி வரியைத் தவிர.

"கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கறது. இது பாக்கி இருக்கே, உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"அந்தப் பக்கம் பார்த்து நிக்கறதுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

"அப்ப அடிச்சிடுங்க" என்று பேனாவை நீட்டினார். அடித்தேன். ஃபீஸ் இப்போது 800 ஆகியிருந்தது. ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன்.